எங்கள் கூடத்தில் இருக்கும் நித்யாவின் சோபா

சென்ற ஆடி மாதத்தில் எனக்கு இடப்பட்ட பணி ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் கூடத்திலுள்ள சோபாவை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும்.

பணியை இட்டவர் என் மனைவி சரோஜா. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். வெள்ளியன்று வீடு திரும்புவதாக ஏற்பாடு. சில வாரங்களுக்கு வாக்கரைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும்.

இங்கே சேலையூரில் எங்கள் அடுக்ககத்தின் அமைப்பைச் சற்று விளக்கியாக வேண்டும். படுக்கையறையை ஒட்டியிருப்பது குந்தி அமரும் வகைக் கழிவறை. நாற்காலி போல அமரும் வகை, கூடத்தின் மறுகோடியில் இருக்கிறது. புது முழங்காலை வைத்துக்கொண்டு குந்த முடியாது. ஆகவே சரோஜா ஒவ்வொரு முறையும் கூடத்தைக் கடந்தாக வேண்டும். கடக்கும் வழியில் சோபா.

திங்கட்கிழமை காலை தொலைபேசியில் கட்டளை வந்தது.

"இதப் பாருங்க, நாலு நாள் இருக்கு. நான் வந்து எறங்கறப்ப அந்த சோபா அங்கயே இருந்துச்சுன்னா, அவசரத்துக்கு நான் பறந்துதான் போகணும்."

"கவலப்படாத. நாளைக்கே முடிச்சிடறேன்."

"நீங்க முடிக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தைல முடியற வேலைய ஒம்போது வரில முடிப்பீங்க."

இந்த விமர்சனத்தை நான் பொருட்படுத்தவில்லை. நோயாளிகள் பலவும் சொல்வார்கள்.

சோபாவைப் பற்றி: தேக்குச் சட்டம், மூவர் அமரலாம். இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறது. அதன் எடை எனக்குத் தெரியாது. அதைத் தூக்கியவர்கள் எவரும் எண்ணிக்கையில் சொல்லவில்லை. வேறு சொற்களில் சொன்னார்கள்.

முதலில், எங்கள் வீட்டு வேலைகளில் உதவும் செல்வியிடம் கேட்டேன். பெரும்பாக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர். கேட்கும்போதே பெருந்தன்மை தொனிக்கும்படி கேட்டேன்.

"செல்வி, இந்த சோபாவ நீ எடுத்துக்கறியா? நல்ல தேக்கு."

செல்வி துடைப்பத்தை நிறுத்தி, சோபாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க வூட்ல வெக்க எடமில்லன்னு எங்க வூட்ல வெக்க சொல்றியா? எங்க வூடே இந்த ஹாலுல பாதிதான் கீது. அதும் ஏழாவது மாடி. லிப்ட்டு வேற சொல்லிக்காம நின்னு பூடும்."

"இல்லம்மா, உனக்கு ஒபயோகமா இருக்குமேன்னு..."

"உங்களுக்கு ஒபயோகமா இல்லாதது எனக்கு மட்டும் எப்டி சார் ஒபயோகமா இருக்கும்?"

வேண்டாத பொருளைக் கொடுப்பதில் உள்ள முதல் நாகரிகத்தை அன்று கற்றேன். வாங்கிக்கொள்பவருக்கு நாம் உதவுவதாக நினைக்கக் கூடாது. உதவி கேட்பவர் நாம்தான்.

வேறு வழியின்றி, எங்கள் பகுதியினர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவுக்குத் திரும்பினேன். வீட்டில் மிஞ்சிய பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பதற்கென்றே உள்ள குழு அது. ஓராண்டாக அதில் உறுப்பினராக இருந்தும் நான் வாய் திறந்ததில்லை. காரணம், அங்கே புழங்கும் மொழி.

அங்கே எவரும் பழைய பொருள் என்று சொல்வதில்லை. 'ப்ரீ-லவ்டு' என்பார்கள். முன்பு நேசிக்கப்பட்டதாம். இப்போது நேசிக்கவில்லை என்பதைத்தானே இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறீர்கள்! ஒரு நாள் ஓர் அம்மையார், "எங்கள் மிக்ஸி அன்பான புதிய இல்லம் தேடுகிறது" என்று அறிவித்திருந்தார். மிக்ஸி அப்படித் தேடக்கூடியதா என்று நான் எழுதவில்லை. எழுதாமல் இருக்க மிகவும் முயன்றேன்.

குழுவுக்கு விதிகளும் உண்டு. வேண்டுபவர் 'இன்ட்ரெஸ்டட்' என்று போட வேண்டும். கொடுப்பவர் அவருக்கு 'ஹோல்டு' என்று போட வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அவர் வந்து எடுக்காவிட்டால் ஹோல்டு தானாகக் காலாவதியாகிவிடும். பொருள் அடுத்தவருக்குப் போகும்.

இது நல்ல விதி. இதை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் என் அறிவிப்பைத் தமிழில், முழு வாக்கியங்களில் எழுதினேன். ஒன்பது வரி வந்தது. கூடவே ஒரு படம். ஒரு நிமிடத்துக்குள் பி பிளாக்கில் குடியிருக்கும் நித்யா என்ற பெண்மணி பதில் போட்டார். மென்பொருள் நிறுவனமொன்றில் பணி. வெளிவாசலில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பவர்.

"அங்கிள், அப்சொல்யூட்லி லவ் இட்! அந்த வுட்டோட வைபே வேற! மாடம்பாக்கத்துல புது ஃப்ளாட் வாங்கியிருக்கோம், அதுக்கு செமயா செட் ஆகும். புதன்கிழமை வரேன். ப்ளீஸ் ஹோல்டு!"

ஹோல்டு! தொலைபேசியில் பாட்டைப் போட்டுவிட்டு நம்மைக் காக்க வைப்பார்களே, அதற்குப் பெயர் ஹோல்டு. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு ஒரு பொருளைத் தருவதாகச் சொன்னால் அது தந்தது போலத்தான். அதற்கு இருபத்துநாலு மணி நேரக் கெடுவா?

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழுவில் பின்வருமாறு எழுதினேன்:

"அன்புள்ள நித்யா அவர்களுக்கு, இந்தச் சாய்விருக்கை இக்கணம் முதல் தங்கள் உடைமை. தாங்கள் வந்து பெற்றுக்கொள்ளும் நாள்வரை, அது எங்கள் இல்லத்தில் தங்கள் பொருளாகவே பேணப்படும்."

இருபது பேருக்குமேல் இதயக் குறி இட்டார்கள். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். நானும் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். 'பேணப்படும்' என்ற சொல் நன்றாக விழுந்திருந்தது.

புதன் காலை, எடுத்துச் செல்ல வசதியாக இருக்கட்டும் என்று, காவலாளி முனுசாமியை அழைத்து சோபாவைச் சுவரிலிருந்து இழுத்தேன். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால் இரு பக்கமும் அவர்தான்.

"இன்னா சார் இது, உள்ள இரும்ப வெச்சி தெச்சிக்கீறாங்களா?"

கூடத்தின் நடுவரை வந்ததும் முனுசாமி நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் முழுமையாக நிமிரவில்லை.

"சார், இடுப்பு புட்சிகிச்சு. இனிமே இத நவுத்த என்னைக் கூப்டாத. வண்டிக்காரன் வந்து தூக்கினு போட்டும்."

வாசலைப் பார்த்தபடி, சுவருக்கு இரண்டே கால் அடி முன்னால், சோபா புறப்படத் தயாராக நின்றது.

மாலையில் நித்யா வந்தார். வண்டியோடு வரவில்லை. அளக்கும் நாடாவோடு வந்தார். நீளம் அளந்தார், உயரம் அளந்தார், கைப்பிடியைத் தட்டினார். பிறகு தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, படத்தில் தெரிந்த தம் மாமியாருக்குச் சோபாவைச் சுற்றிக் காட்டினார்.

"பேசிக்கலி இதுதான் அத்தை. எப்படி?"

மாமியார் திரைக்குள்ளிருந்து சோபாவைக் கூர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடியில எதையும் எடுக்க வேணாம். ஆவணியில பால் காய்ச்சினப்புறம் எடுத்துக்கலாம்."

 ஆடி பிறந்து நான்கே நாள்கள் ஆகியிருந்தன.

"அம்மா, ஆடில புதுசு வாங்கத்தான் யோசிப்பாங்க. இது இருபத்திரண்டு வருஷப் பழசு" என்றேன்.

"உங்களுக்குப் பழசு. எங்களுக்குப் புதுசுதானே?" என்றார் அம்மையார்.

அந்த வாக்கியத்தில் ஏதேனும் குறை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"இப்ப இருக்கற வீட்ல ஸ்பேஸே இல்ல அங்கிள்" என்றார் நித்யா. "ஒரு மாசம்தான். நீங்கதான் 'பேணப்படும்'னு அவ்ளோ அழகா எழுதியிருந்தீங்களே! அந்த நம்பிக்கைலதான் கேக்கறேன்."

மருத்துவமனையையும் வாக்கரையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் நம் நடையைப் பாராட்டும்போது கழிவறையைப் பற்றிப் பேச்சை எடுப்பது எப்படி?

போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"அங்கிள், ஒரு பெட்ஷீட் போட்டு மூடிடுங்களேன். தூசி படும். அப்புறம், உக்காராதீங்கன்னு சொல்லல. ஜஸ்ட், நடு ஸ்பிரிங் வீக்கா இருக்கு. ஓரமா உக்காந்தா பெட்டர்."

அன்று இரவுச் செய்தியை நான் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன்.

வியாழன் காலை அழைப்புமணி அடித்தது. கேம்ப் ரோடு பக்கம் தையற்கடை வைத்திருக்கும் பாஸ்கரன் என்பவர் நின்றார். குழுவில் என் அறிவிப்புக்கு இரண்டாவதாக 'இன்ட்ரெஸ்டட்' போட்டவர். கீழே 'குட்டி யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டி. பின்னால் இரண்டு ஆட்கள். அவர்களுடைய தோள்களைப் பார்த்ததுமே எனக்குக் கண்கள் கலங்கின.

"சார், டுவென்டி ஃபோர் ஹவர்ஸ் தாண்டிடுச்சு. அவங்க எடுக்கலன்னு தெரிஞ்சுது. கடைக்கு வர்ற கஸ்டமர் உக்கார ஒண்ணு தேவை. நீங்க ஊம்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஹால் காலி."

அஞ்சு நிமிஷம்! என் நாவின் நுனிவரை 'ஊம்' வந்துவிட்டது. முறைப்படி நித்யாவிடம் ஒரு சொல் கேட்டுவிடுவோம் என்று தொலைபேசியை எடுத்தேன்.

"ஐயோ அங்கிள், ஹால் பெயின்ட்டே அந்த வுட்டுக்கு மேட்சா சொல்லிட்டேனே! ஹோல்டு போட்டிருந்தீங்கன்னா நானும் சரின்னு விட்டிருப்பேன். நீங்க 'தங்கள் உடைமை'ன்னு எழுதிட்டீங்க. எங்க வீட்டுக்காரர் அதப் படிச்சிட்டு, 'இந்தக் காலத்துலயும் வார்த்தைக்கு இவ்ளோ மரியாதை குடுக்கற மனுஷர் இருக்காரா'ன்னு கேட்டார் தெரியுமா?"

இதற்குப் பிறகு நான் என்ன செய்ய முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

பாஸ்கரனிடம், பொருள் கைமாறிவிட்டது என்றேன். அவர் எட்டி, கூடத்தின் நடுவே படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்ற பொருளைப் பார்த்தார்.

"கைமாறி எங்க சார் போயிருக்கு?"

"எங்கயும் போகல."

"சரிதான். நல்லா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தத் தோள்களும் அவரோடு போயின.

மாலையில் சரோஜா அழைத்தார்.

"சோபா போச்சா?"

"சட்டப்படி அது இப்ப நம்ம சோபா இல்ல."

மறுமுனையில் கூடவிருந்த நர்ஸிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு மிக நிதானமாக:

"சட்டப்படி நான் அதத் தாண்டி பாத்ரூம் போக முடியுமா?"

சோபாவை வெளியே வைக்க இடம் கேட்டு, அன்றே அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் ஓடினேன். நடைபாதையில் பொருள்கள் வைக்கக் கூடாது என்பது விதி என்றார். வண்டி நிறுத்துமிடமும் அப்படியே என்றார். அந்த விதிகளைத் தெளிவான தமிழில் எழுதிக் கொடுத்தவர் யார் என்பதை அவர் எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சரோஜாவும் வந்தார்.

லிஃப்டிலிருந்து வாக்கரோடு இறங்கி, வாசற்படி தாண்டி, கூடத்தைப் பார்த்தார். செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன்.

"சரோ, இதுல என்ன நடந்ததுன்னா..."

"ஒண்ணும் பேசாதீங்க. அவசரம்."

மறுகோடிக்குப் போக இருந்த ஒரே வழி, சோபாவின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே இருந்த இரண்டே கால் அடிச் சந்து. வாக்கரின் அகலம் இரண்டடி. சரோஜா உள்ளே நுழைந்தார். ஓர் அடி, இன்னோர் அடி. நான்காவது அடியில், சுவரோரம் சுருண்டு கிடந்த கால்மிதியில் வாக்கரின் கால் மாட்டியது. வாக்கர் சாய்ந்தது. சரோஜாவும் சாய்ந்தார்.

செல்வி, "யம்மா!" என்று கத்தினார். 

சரோஜாவின் இடக்கை சோபாவின் முதுகுச் சட்டத்தைப் பற்றியிருந்தது. அவருடைய முழுப் பாரமும் அதன்மேல். சோபா ஒரு நூல் அளவும் அசையவில்லை. முனுசாமியின் இடுப்பை ஒடித்த அதே பாரம்!

சில நொடிகள் அப்படியே நின்றார். பிறகு வாக்கரை விட்டுவிட்டு, ஒரு கை சுவரில், ஒரு கை சோபாவில் வைத்தபடி மெல்ல நடந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கதவைச் சாத்துமுன் ஒன்று சொன்னார்.

"மொதல்ல அந்த மேட்டத் தூக்கிப் போடுங்க. அதையாவது யாருக்கும் எழுதிக் குடுக்காம தூக்கிப் போடுங்க."

மறுநாள் பிசியோதெரபி செய்யும் கவிதா வந்தார். எழுபதைத் தொட்ட எங்கள் இருவரையும் பார்த்து, "ஹலோ கைஸ்!" என்று விளித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சோபாவைக் கண்டதும் அவர் நின்றார். திட்டு விழப்போகிறது என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"சூப்பர்! சோபாவ இப்படி நடுவுல இழுத்துப் போடணும்னு யாரோட ஐடியா அங்கிள்? ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கெட்டியான சப்போர்ட்டு. ஆஸ்பத்திரில இதுக்குன்னே கம்பி போட்டு வெச்சிருப்போம்!"

சரோஜா என்னைப் பார்த்தார். செல்வியும் பார்த்தார்.

"ஏதோ தோணிச்சு" என்றேன்.

செல்வி சமையலறைக்குள் போய்ச் சிரித்தார். பாத்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அன்றிலிருந்து அந்தச் சந்துதான் சரோஜாவின் பயிற்சிக்கூடம். காலை பத்து நடை, மாலை பத்து நடை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைப்பார். குதிகாலை உயர்த்தி இறக்குவார். கவிதா ஒவ்வோர் அசைவுக்கும் 'சூப்பர்' சொல்வார். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. ஆனால் மூன்றாம் வாரம் சரோஜா வாக்கர் இல்லாமல் அந்தச் சந்தைக் கடந்தபோது, என் வாயிலும் வேறு சொல் வரவில்லை.

ஆடி முடிந்தது. ஆவணி இரண்டாம் நாள் நித்யா அழைத்தார்.

"அங்கிள், ஞாயித்துக்கெழம கிரகப்பிரவேசம். நீங்களும் ஆன்ட்டியும் கண்டிப்பா வரணும். திங்கக்கெழம வண்டி அனுப்பறேன், சோபாவுக்கு!"

சரோஜாவிடம் சொன்னேன். அவர் சட்டத்தைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். பிடி இறுகியது.

"இன்னும் ரெண்டு மாசம் பயிற்சி இருக்கு. இத எடுத்துட்டா நான் எதைப் புடிச்சிக்கறது, உங்களையா? ஆடிப் போயிடுவீங்க. போய்க் கேளுங்க."

"குடுத்தத எப்படித் திரும்பக் கேக்கறது?"

"அத ஒம்போது வரி எழுதறப்ப யோசிச்சிருக்கணும்."

அன்பர்களே, ஒரு பொருளைக் கொடுப்பதற்குத் தமிழில் எத்தனையோ அழகான வாக்கியங்கள் இருக்கின்றன. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதற்கு ஒன்றுகூட இல்லை. நான்கு வரைவுகள் எழுதினேன். முதல் வரைவில் 'தாங்கள் அறியாததன்று' என்று தொடங்கியிருந்தேன். எது அறியாததன்று என்பது எனக்கே தெரியாததால் கிழித்தேன். கடைசியில் கையை வீசிக்கொண்டு பி பிளாக்குக்குப் போனேன்.

நித்யா கதவைத் திறந்ததும், நான் கற்ற நடையெல்லாம் கைவிட்டுவிட்டது.

"அம்மா, எங்க வீட்டுக்காரி அதப் புடிச்சிக்கிட்டுத்தான் நடக்கறா. கால் ஆபரேஷன். அந்த சோபா இல்லன்னா விழுந்துடுவான்னு பயமா இருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு வரிக்கும் சற்று மேல்.

"ஆபரேஷனா? அங்கிள், இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! கேட்ல ஆன்ட்டியக் காணமேன்னு நெனச்சேன்!" அவர் முகம் உண்மையிலேயே வாடியது. "இதுக்கா இவ்ளோ டென்ஷன்? பேசிக்கலி சோபா எங்களோடது. ஆனா ஆன்ட்டிக்குக் கால் சரியாகறவரைக்கும் அங்கயே இருக்கட்டும். நோ வொர்ரீஸ்!"

அந்த மாதம் முழுவதும் நான் கேட்ட ஆங்கிலச் சொற்களில் அந்தக் கடைசி இரண்டையும் மட்டும் மன்னித்துவிட்டேன்.

விழாவுக்குப் பரிசு வாங்க வேண்டும். பரண்மேல் பிரிக்காத சுவர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. என் பார்வை அங்கே போவதைச் சரோஜா பார்த்துவிட்டார்.

"அதத் தொடாதீங்க. திங்கக்கெழமையே குரூப்புல வந்து, அன்பான இல்லம் தேடும். கடைக்குப் போய் நல்லதா ஒரு விளக்கு வாங்கிட்டுப் போங்க."

ஞாயிறு காலை மாடம்பாக்கத்தில், புதுச் சாயம் மணக்கும் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். விருந்தினர்கள் வாடகை நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். கூடத்தில் மூவர் அமரக்கூடிய அளவுக்கு ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. பட்டுப் புடவையில் நின்ற மாமியார் அம்மையார் என்னை அடையாளம் கண்டுகொண்டு, அருகிலிருந்த உறவினரிடம் அறிமுகம் செய்தார்.

"இவங்க வீட்டம்மாவுக்கு முட்டில ஆபரேஷன். பாவம், புடிச்சி நடக்க ஒண்ணுமில்லாம கஷ்டப்பட்டாங்க. நாங்கதான் எங்க சோபாவக் குடுத்திருக்கோம்."

உறவினர்கள் அம்மையாரை மதிப்போடு பார்த்தார்கள்.

நான் விளக்கை அவர் கையில் கொடுத்து, செய்த உதவிக்கு நன்றி கூறினேன். அம்மையார் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.